ஓட்டுநரின் உறக்கமும் ஓர் அமானிதமே!

ஷவ்வால் பிறை தென்பட்டதும் நம் வீடுகளில் பயணங்களும் பிறந்துவிடுகின்றன. நோன்பு மாதம் முழுவதும் ஒத்திவைக்கப்பட்டிருந்த நிக்காஹ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. விடுமுறையில் வந்திருந்த பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்குத் திரும்புகின்றனர். ஹஜ்ஜுக்குச் செல்வோரை வழியனுப்பச் சுற்றமும் நட்பும் சென்னைக்குக் கிளம்புகின்றன. நாகூருக்கும் ஏர்வாடிக்கும் செல்வோர் ஒருபுறம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் சம்பந்தம் செய்தவர்கள் மறுபுறம்.

மதுரை கே.கே. நகரில் இஷாத் தொழுகை முடிந்தபின் தெருக்களில் நடந்து பார்த்தால் இக்காட்சியைக் காணலாம். வீட்டு வாசலில் ஒரு வேன் அல்லது கார் நிற்கும். பெட்டிகள் ஏறும். பாத்திஹா ஓதிப் பெரியவர்கள் துஆச் செய்வார்கள். பத்து மணிக்குப் புறப்பட்டால் விடியலில் சென்னை என்று வீட்டுத் தலைவர் கணக்குச் சொல்வார். மாட்டுத்தாவணியைக் கடந்து மேலூர்ச் சாலையைப் பிடிக்கச் சில நிமிடங்கள் போதும். அதன்பின் திருச்சி வழியாகச் சென்னை வரை ஏறத்தாழ 460 கிலோமீட்டர் நான்கு வழிச் சாலை. வளைவு குறைவு, மேடு பள்ளம் குறைவு, வேகம் அதிகம்.

சாலை மாறிவிட்டது, வாகனம் மாறிவிட்டது. ஆனால் ஓட்டுபவரின் கண்ணும் உடலும் அல்லாஹ் படைத்த அதே கண்ணும் உடலுமே. இரவை உறக்கத்திற்கும் பகலை உழைப்பிற்கும் அவன் ஆக்கித் தந்திருப்பதைத் திருமறை பல இடங்களில் நினைவூட்டுகிறது. அந்த இயற்கையை மீறி வண்டி ஓட்டுகிறவரை நம்பித்தான் பின்னிருக்கையில் நம் மனைவி மக்கள் நிம்மதியாகக் கண்ணயர்கிறார்கள். எனவே பயணத்தின் சுகத்தையும் பாதுகாப்பையும் பற்றிப் பேசுவோர் முதலில் பேச வேண்டியது வண்டியை ஓட்டுபவரின் உறக்கத்தைப் பற்றியே.

பயணமும் மார்க்கமும்

பயணத்தின் சிரமத்தை இஸ்லாம் மறைத்துப் பேசவில்லை. அது வேதனையின் ஒரு பகுதி என்றும், மனிதனின் உணவையும் நீரையும் உறக்கத்தையும் அது தடுத்துவிடுகிறது என்றும், போன வேலை முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்பிவிட வேண்டும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். ஒட்டக முதுகில் மாதக் கணக்கில் பயணம் செய்த காலத்தில் சொல்லப்பட்ட அம்மூன்றும்—உணவு, நீர், உறக்கம்—குளிர்சாதன வசதியுள்ள இன்றைய காரிலும் பயணியைவிட்டு விலகுகின்றன என்பதை எண்ணிப் பாருங்கள்.

இச்சிரமத்தை முன்னிட்டே பயணிக்குச் சலுகைகள் வழங்கப்பட்டுள்ளன. நான்கு ரக்அத் தொழுகை இரண்டாகிறது. ரமளான் நோன்பைப் பிற்பாடு களாச் செய்துகொள்ள அனுமதி கிடைக்கிறது. ஒரு பயணத்தின்போது நோன்பின் களைப்பால் சோர்ந்துபோன ஒருவருக்கு மக்கள் நிழல் அமைத்துக் கூடி நிற்பதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், பயணத்தில் இவ்வாறு நோன்பிருப்பது நற்செயலாகாது எனக் கூறினார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் காணப்படும் செய்தி. தன்னை வருத்தி வீழ்த்திக்கொள்வது பக்தியாகாது என்பதே இதன் பாடம்.

தொழுகையைப் பற்றிய மற்றொரு அறிவுரை இன்னும் ஆழமானது. தொழுதுகொண்டிருக்கும்போது ஒருவருக்குத் தூக்கம் மேலிட்டால், அத்தூக்கம் தெளியும்வரை அவர் படுத்துறங்கட்டும் என நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பாவமன்னிப்புக் கேட்க நினைத்துத் தம்மையே ஏசிக்கொள்ளக் கூடும் என்று அதற்குக் காரணமும் கூறினார்கள். நாவு தடுமாறி ஒரு சொல் பிறழ்ந்துவிடுமே என்பதற்காக வணக்கத்தையே நிறுத்திவைத்து உறங்கச் சொன்னது நம் மார்க்கம். ஏழெட்டு உயிர்களைச் சுமந்துகொண்டு விரையும் வாகனத்தில் கை தடுமாறினால் என்னாகும்? அங்கே உறக்கத்தை அடக்கிக்கொண்டு ஓட்டுவது வீரமாகுமா?

இரண்டு இரவுகள்

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில் கைபர் போர் முடிந்து முஸ்லிம்கள் மதீனாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இரவு முழுவதும் நடந்த பயணம். கண்கள் சோர்ந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் பயணத்தை நிறுத்தி, சற்று ஓய்வெடுக்க இறங்கினார்கள். வைகறையை அறிவிக்கும் பொறுப்பைப் பிலால் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பிலால் (ரலி) அவர்கள் தம்மால் இயன்ற அளவு தொழுதபடி விழித்திருந்தார்கள். வைகறை நெருங்கியபோது கிழக்கு நோக்கி அமர்ந்து தம் ஒட்டகத்தின் மீது சாய்ந்தார்கள். அவ்வளவுதான்! உறக்கம் அவர்களையும் வென்றது. சூரிய வெப்பம் உடலில் பட்ட பிறகே அனைவரும் விழித்தார்கள். முதலில் விழித்தவர்கள் அண்ணலாரே. பிலால் (ரலி) அவர்களை அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. அங்கிருந்து சற்று நகர்ந்து சென்று அனைவரும் சுபுஹைத் தொழுதார்கள்.

பிலால் (ரலி) அவர்களின் மனஉறுதியில் நாம் ஐயம் கொள்ள முடியுமா? சுடுமணலில் மார்பில் பாறையைச் சுமந்தபோதும் ஏகத்துவத்தை மறுக்காத உறுதி அது. அத்தகையவரையும் உறக்கம் வென்றது என்றால், மனஉறுதியால் உறக்கத்தை வெல்லலாம் என்று நாம் எண்ணுவது எத்தனை பேதைமை!

மற்றோர் இரவுப் பயணத்தை அபூகத்தாதா (ரலி) அவர்கள் விவரிக்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வாகனத்தின் மீதே கண்ணயர்ந்து ஒருபுறம் சாய்ந்தார்கள். பக்கத்தில் வந்துகொண்டிருந்த அபூகத்தாதா (ரலி) அவர்கள், உறக்கம் கலையாதவாறு மெல்லத் தாங்கி நேராக நிமிர்த்தினார்கள். சற்று நேரத்தில் மீண்டும் சாய்வு, மீண்டும் தாங்கினார்கள். மூன்றாம் முறை கீழே விழும் அளவிற்குச் சாய்ந்தபோது தாங்கியதும் அண்ணலார் தலை உயர்த்தி, யாரென்று வினவினார்கள். எப்பொழுதிலிருந்து இவ்வாறு துணைவருகிறீர் என்று கேட்டு அறிந்தார்கள். அல்லாஹ்வின் நபியைப் பாதுகாத்தமைக்காக அல்லாஹ் உம்மைப் பாதுகாப்பானாக என்ற கருத்தில் துஆச் செய்தார்கள். பின்னர் பாதையை விட்டு விலகி, தலை சாய்த்து உறங்கினார்கள்.

இவ்வரலாற்றில் பயணிகளுக்கு மூன்று வழிகாட்டல்கள் உள்ளன. உறக்கம் வந்தால் பயணத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தும்போது பாதையை விட்டு விலகி நிறுத்த வேண்டும். உறக்கம் மேலிட்டவரைக் கவனித்துக்கொள்ள ஒருவர் பக்கத்தில் விழித்திருக்க வேண்டும். இன்றைய சாலைப் பாதுகாப்பு நூல்கள் சொல்லும் அறிவுரையும் இதுவே.

அறிவியல் காட்டும் அபாயம்

விழித்திருக்கும் மனிதனின் மூளை, உறக்கம் போதாதபோது சில விநாடிகள் தானாகவே உறங்கிவிடுகிறது. கண் திறந்திருந்தாலும் இது நேரலாம். தாம் உறங்கியதே அவருக்குத் தெரியாமலும் போகலாம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 25 மீட்டர் கடக்கிறது. நான்கு விநாடி கண்ணயர்ந்தால் நூறு மீட்டர் தொலைவு அந்த வண்டி ஓட்டுநர் இல்லாமலே ஓடியிருக்கும். உறங்குபவர் பிரேக்கை மிதிப்பதில்லை. ஆதலால்தான் உறக்கத்தால் நேரும் மோதல்கள் மிகக் கொடியவையாக இருக்கின்றன.

நாளின் எல்லா நேரமும் ஒன்றுபோல் இல்லை. நள்ளிரவு கடந்து இரண்டு மணி முதல் காலை ஆறு மணி வரை உறக்கத்தின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரை மற்றொரு சோர்வு வரும். கே.கே. நகரில் இரவு பத்து மணிக்குப் புறப்பட்ட வண்டி அதிகாலை இரண்டு மணிக்கு எங்கே இருக்கும்? பெரம்பலூரைத் தாண்டி, உளுந்தூர்ப்பேட்டையை நோக்கி, நேர்கோடாக நீளும் இருண்ட சாலையில்! பின்னிருக்கையில் அனைவரும் உறங்க, முன்னிருக்கையில் இருப்பவரும் தலை சாய்க்க, ஓட்டுநர் மட்டும் தனியாக இருப்பார்.

1997ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் மது கலந்தவரின் நிலைக்குத் தாழ்ந்துவிடுகிறது. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது ஏறத்தாழ 100 மில்லிகிராம் மது அருந்தியவரின் நிலை. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் வாகனம் ஓட்டுபவருக்கு வைத்திருக்கும் எல்லையோ 30 மில்லிகிராம்தான்.

இக்கணக்கை நம் வீட்டில் பொருத்திப் பாருங்கள். சுபுஹுக்காக ஐந்து மணிக்கு எழுந்தவர் இரவு பத்து மணிக்குக் காரில் ஏறும்போது 17 மணி நேரம் விழித்திருந்துவிட்டார். இன்னும் ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டவில்லை. அதற்குள் அந்நிலையை அடைந்துவிட்டார்! மது ஒரு சொட்டும் ஹராம் என்று விலகி நிற்கும் சமுதாயம் நாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவரின் காரில் நம் பிள்ளைகளை ஏற்றுவோமா? அவ்வாறிருக்க, உறங்காத கண்களை நம்பி அவர்களை எவ்வாறு ஏற்றுகிறோம்? உறக்கமின்மை பாவமன்று; ஆனால் அந்நிலையில் பிறர் உயிரோடு விளையாடுவது, நம்மை நாமே அழிவில் எறிந்துகொள்ளலாகாது என்ற திருமறையின் எச்சரிக்கைக்கு எதிரானதாகும்.

வாடகை வண்டி ஓட்டுபவரும் நம் பொறுப்பே

சொந்தக் காரை வீட்டுப் பிள்ளையே ஓட்டினால் அவன் களைப்பைத் தாய் கவனிக்கிறாள். ஆனால் நம்முடைய நெடும்பயணங்களில் பெரும்பாலானவை வாடகை வண்டியிலோ, ஒரு நாள் ஊதியத்திற்கு வரும் ஆக்டிங் டிரைவரை நம்பியோ நடக்கின்றன. அவருடைய உறக்கத்தை யார் கவனிக்கிறார்கள்?

கே.கே. நகரில் வாடகைக் கார் ஓட்டும் சகோதரர் ஒருவரிடம் அண்மையில் பேசிக்கொண்டிருந்தேன். அவர் நம் சமுதாயத்தவர் அல்லர். ஆயினும் நம் வீட்டுத் திருமணங்களுக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வண்டி ஓட்டுபவர். "தூக்கம் வந்தால் வண்டியை ஓரங்கட்டி அரை மணி நேரம் படுக்க வேண்டியதுதானே அண்ணே?" என்றேன்.

"தூக்கம் வருதுன்னு சொல்ல வாய் வராது பாய். சொன்னா, அடுத்த தடவை வேற ஆளைக் கூப்பிடுவாங்க" என்றார் அவர்.

"கல்யாண வீட்டில் போய்ச் சேர்ந்த பிறகாவது உறங்கலாமே?"

"அங்க நமக்கு ரூம் எங்க பாய் இருக்கு? வண்டிதான் ரூம். வெயில்ல ஒரு மணி நேரம் கண்ணை மூடுனா, பொண்ணு வீட்டுக்குப் பூ வாங்கணும்னு ஒருத்தர் வந்து தட்டுவாரு."

அவர் குறையாகச் சொல்லவில்லை, இயல்பாகச் சொன்னார். அதனால்தான் அது நெஞ்சில் தைத்தது. வாடகையும் பேட்டாவும் கொடுத்துவிட்டோம், கடமை முடிந்தது என நாம் நினைக்கிறோம். பேட்டா அவர் வயிற்றுக்கு. கண்ணுக்கு என்ன கொடுத்தோம்?

நம் கீழ் வேலை செய்வோர் நம் சகோதரர்கள் என்றும், அவர்களால் தாங்க இயலாத சுமையைச் சுமத்தலாகாது என்றும், அவ்வாறு சுமத்த நேர்ந்தால் நாமும் கைகொடுக்க வேண்டும் என்றும் அண்ணலார் (ஸல்) கற்பித்தார்கள். உணவு சமைத்துக் கொண்டுவரும் பணியாளரைத் தம்முடன் அமரவைத்து உண்ணச் சொன்னார்கள். இரவெல்லாம் தொழுது பகலெல்லாம் நோன்பிருந்த இளைஞர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம், உமது உடலுக்கும் உமது கண்ணுக்கும் உம்மீது உரிமை உண்டு என்பதை எடுத்துரைத்தார்கள். இறைவணக்கத்திற்காகக் கூடப் பறிக்கக் கூடாத கண்ணின் உரிமையை, நம் வசதிக்காகப் பிறரிடமிருந்து பறிக்கலாமா?

நாட்டின் சட்டமும் இதை எப்போதோ உணர்ந்தது. 1961ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஓட்டுநரின் வேலை நேரத்தை நாளொன்றுக்கு எட்டு மணி என வரையறுத்தது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கலாகாது, இடையே அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும், ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவே ஒன்பது மணி நேரம் ஓய்வு இருக்க வேண்டும் எனவும் வகுத்தது. ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கான சட்டம் அது. ஒற்றைக் காரை வைத்துப் பிழைப்பவரை அது எட்டியதில்லை. சட்டம் எட்டாத இடத்தில் இறையச்சம் எட்ட வேண்டும்.

எனவே வண்டி பேசும்போதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நேற்றிரவு எங்கே ஓட்டினீர்கள்? எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள்? இன்று பகலில் வேறு சவாரி உண்டா? விடை திருப்தி தராவிட்டால் புறப்பாட்டைத் தள்ளிவையுங்கள். இயலாவிட்டால் இரண்டாவது ஓட்டுநரை அழைத்துக்கொள்ளுங்கள். அதற்காகும் கூடுதல் கூலி, மணமேடை அலங்காரத்திற்கு நாம் செலவிடுவதில் ஒரு சிறு துளியே.

போய்ச் சேர்ந்த இடத்தில் ஓட்டுநருக்கு ஓர் அறையோ, மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே ஒரு பாயும் தலையணையுமோ ஏற்பாடு செய்யுங்கள். முதல் பந்தியிலேயே அவரை அமர்த்துங்கள். சபரிமலைக்கு மாலை போட்டிருப்பவராகவோ வெள்ளிக்கிழமை அசைவம் தவிர்ப்பவராகவோ இருந்தால், முன்கூட்டியே கேட்டறிந்து அதற்கேற்ற உணவு கொடுங்கள். கண்ணாடிகளை மூடி, எஞ்சினையும் குளிர்சாதனத்தையும் ஓடவிட்டு அவர் காருக்குள் உறங்க விடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நச்சு உள்ளே கசிந்தால், உறங்குபவர் விழிக்காமலே போய்விடக் கூடும்.

புறப்படும் முன்

முடிந்தவரை சுபுஹு தொழுதுவிட்டுப் புறப்படுங்கள். வைகறைப் பொழுதில் தம் சமுதாயத்திற்கு பரக்கத் கிடைக்க நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்திருக்கிறார்கள். காலை ஐந்தரை மணிக்கு மேலூர்ச் சாலையில் ஏறினால், நிதானமாக நின்று சென்றாலும் பிற்பகலில் சென்னையை அடையலாம். அதிகாலை விமானத்திற்காகச் செல்வோர் முதல் நாள் பகலிலேயே போய் உறவினர் வீட்டில் இளைப்பாறலாம். இரவுதான் செல்ல வேண்டும் என்றால் பாண்டியன் எக்ஸ்பிரஸ் போன்ற இரவு ரயில் இருக்கிறது. அதில் எல்லாரும் உறங்கலாம்.

இரவில் தனியாக வாகனம் ஓட்டிச் செல்வதை இயன்றவரை தவிருங்கள். தனிமையில் உள்ளதைத் தாம் அறிந்தவாறு மக்கள் அறிந்தால் எவரும் இரவில் தனியே பயணம் செய்யமாட்டார் என்ற பொருள்பட நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

ஓட்டுபவர் முன்னிரவில் ஏழு எட்டு மணி நேரம் உறங்கியிருக்க வேண்டும். சளி, இருமல், அரிப்பு, வாந்தி ஆகியவற்றிற்குக் கடையில் வாங்கும் மாத்திரைகளில் பல உறக்கத்தை வரவழைப்பவை. பயணிகள் போட்டுக்கொள்ளலாம், ஓட்டுபவர் மருத்துவரைக் கேளாமல் தொடக் கூடாது.

இருக்கையைச் சரிசெய்வதற்கு ஐந்து நிமிடம் செலவழியுங்கள். முதுகின் அடிப்பகுதி இருக்கையோடு ஒட்டியிருக்க வேண்டும். பெடலை முழுதும் மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். தோள் இருக்கையில் பட்டபடியே கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பைத் தொட வேண்டும். இடுப்பு வளைவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டால் முதுகுவலி குறையும். தலைதாங்கி கழுத்துக்கு நேராக அன்றி, தலையின் பின்புறத்திற்கு நேராக இருக்கட்டும்.

இருக்கைப் பட்டை பின்னிருக்கைக்கும் உரியது. டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4ஆம் நாள் மராட்டிய மாநிலம் பால்கர் அருகே நடந்த விபத்தில் இறந்தார். விலையுயர்ந்த கார், பின்னிருக்கையில் பட்டை அணியாமல் அமர்ந்திருந்தார் எனக் காவல்துறை தெரிவித்தது. கர்ப்பிணிப் பெண்களும் பட்டை அணிய வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றின் மீது படாமல் அதற்குக் கீழே இடுப்பெலும்பின் மீதும், மேற்பட்டை மார்பின் நடுவாகவும் செல்ல வேண்டும். குழந்தையை முன்னிருக்கையில் மடியில் வைத்துச் செல்வது பாசமன்று, பேராபத்து.

வழியில்

இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை, பதினைந்து நிமிடமாவது வண்டியை நிறுத்த வேண்டும் என்பது பிரிட்டன் நாட்டுச் சாலை விதிகளின் அறிவுரை. நமக்கோ தொழுகை நேரங்களே நல்ல நிறுத்தங்கள். ஹனஃபி மத்ஹபினர் ஒவ்வொரு தொழுகையையும் அதனதன் நேரத்தில் கஸ்ராகத் தொழுவதால், இயல்பாகவே அவர்களுக்கு இடைவேளைகள் அமைகின்றன. ஷாஃபிஈ மத்ஹபினர் ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். அச்சலுகை சிரமத்தைக் குறைக்க வந்தது. ஐந்து மணி நேரம் நிற்காமல் ஓட்டுவதற்கு அதைக் காரணமாக்கலாகாது. பள்ளிவாசலில் நாம் தொழும் இருபது நிமிடம், வண்டி ஓட்டும் பிற சமயச் சகோதரர் கால் நீட்டிப் படுக்கும் நேரமாகட்டும்.

நிறுத்தும் இடத்திலும் கவனம் தேவை. இரவில் தங்க நேர்ந்தால் பாதையை விட்டு விலகித் தங்குமாறும், இரவில் விலங்குகளும் ஊர்வனவும் அப்பாதையை நாடும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். இன்று அப்பாதையை நாடி வருபவை கண்டெய்னர் லாரிகள். சாலையோரத்தில் விளக்கணைத்து நிற்கும் வண்டியின் மீது பின்னால் வருவது மோதிய துயரங்களை நாம் நாளேடுகளில் படிக்கிறோம். பெட்ரோல் பங்க், சுங்கச்சாவடியை அடுத்த நிறுத்துமிடம், பள்ளிவாசல் வளாகம், வெளிச்சமுள்ள உணவகம் ஆகியவையே ஏற்றவை.

உறக்கத்தை விரட்ட நம்மவர் கையாளும் வழிகள் பல: கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்குவது, ஒலிநாடாவை உரக்க வைப்பது, வெற்றிலை பாக்கு மெல்லுவது, முகத்தில் நீர் தெளிப்பது. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஜிம் ஹார்ன், லூயிஸ் ரெய்னர் ஆகியோர் 1990களில் இதை ஆராய்ந்தார்கள். குளிர்காற்றும் வானொலியும் தரும் பயன் சொற்பமானது, சிறிது நேரமே நிலைப்பது எனக் கண்டார்கள். காப்பியும் சிறு உறக்கமுமே ஓரளவு பயன் தந்தன. காப்பியின் வேகம் உடலில் ஏற ஏறத்தாழ அரை மணி நேரமாகும். எனவே காப்பியைக் குடித்ததும் வண்டியை எடுக்காமல், அந்த இடைவேளையில் பதினைந்து இருபது நிமிடம் கண்ணயர்ந்துவிட்டு எழுந்தால் இரண்டின் பயனும் ஒருசேரக் கிட்டும். எழுந்த பின் சற்று நடந்து, உளூச் செய்து தெளிவு பெற்றபின் வண்டியை எடுக்கலாம். நடுப்பகலில் சிறிது உறங்கும் கைலூலா நமக்குப் புதியதா என்ன? அந்த ஸுன்னத்தை நெடுஞ்சாலையில் உயிர்ப்பியுங்கள். ஆனால் இதுவும் ஒரு மணி, இரண்டு மணி நேரத்திற்கான தவணையே. முழு இரவின் உறக்கத்திற்கு ஈடாகாது.

ஏழெட்டுப் பேர் அமர்ந்த வண்டியில் குளிர்சாதனத்தை உட்காற்றுச் சுழற்சியிலேயே வைத்திருந்தால், மூச்சுக்காற்றால் கரியமில வாயு மிகுந்து மந்தம் ஏற்படும். அவ்வப்போது வெளிக்காற்றை உள்ளே விடுங்கள். உணவு மிதமாக இருக்கட்டும். இட்லி, வாழைப்பழம், பேரீச்சம்பழம், மோர் ஆகியவை போதும். நம் பெண்கள் பலர் கழிப்பிட வசதிக்கு அஞ்சி, பயணத்தில் தண்ணீரே அருந்துவதில்லை. இதனால் தலைவலியும் சிறுநீர்த் தொற்றும் வருகின்றன. வண்டியை எங்கே நிறுத்துவது என்பதை அவர்களைக் கேட்டு, தூய்மையான கழிப்பிடமுள்ள இடமாகத் தேர்வது ஆண்களின் கடமை.

முதியோரும் கர்ப்பிணிகளும் கால்களைத் தொங்கவிட்டு மணிக்கணக்கில் அமர்ந்தால், கெண்டைக்கால் நரம்பில் இரத்தம் உறைந்து அது நுரையீரலை அடைக்கக் கூடும். இரண்டாம் உலகப் போரின்போது, 1940இல், லண்டன் பதுங்கிடங்களில் நாற்காலியிலேயே இரவைக் கழித்தவர்களிடம் இந்நிலை கவனிக்கப்பட்டது. அமர்ந்தபடியே குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவதும், நிறுத்துமிடந்தோறும் ஐந்து நிமிடம் நடப்பதும் நல்ல தடுப்பு. வாந்தி வரும் பிள்ளைகளைச் சாலை தெரியும்படி அமர்த்துங்கள். ஓடும் வண்டியில் கைப்பேசியைப் பார்க்க விடாதீர்கள்.

பக்கத்தில் இருப்பவர்

மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ளுமாறு நம் மார்க்கம் பணிக்கிறது. நெடும்பயணத்தில் அத்தலைவரின் இடம் ஓட்டுநரின் பக்கத்து இருக்கை. அவருடைய வேலை அபூகத்தாதா (ரலி) அவர்கள் செய்த வேலை. அவர் உறங்கலாகாது, உறக்கம் வந்தால் வேறொருவரை அவ்விடத்தில் அமர்த்திவிட்டுப் பின்னால் செல்ல வேண்டும்.

ஓட்டுநர் அடிக்கடி கொட்டாவி விடுகிறாரா? கண்ணைக் கசக்குகிறாரா? வண்டி கோட்டை விட்டு விலகி மீண்டும் வருகிறதா? வேகம் காரணமின்றிக் கூடிக் குறைகிறதா? கேட்ட கேள்விக்குத் தாமதமாக விடை வருகிறதா? இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பயணத்தை நிறுத்துங்கள். "தூக்கமா?" என்று கேட்டால் எந்த ஓட்டுநரும் இல்லை என்றே சொல்வார். "எங்களுக்குத் தேநீர் வேண்டும், அடுத்த பங்கில் நிறுத்துங்கள், நீங்களும் அரை மணி நேரம் படுங்கள், நாங்கள் காத்திருக்கிறோம்" என்று சொல்லுங்கள். அவர் மானமும் காக்கப்படும். நம் உயிரும் காக்கப்படும்.

திரும்பும் பயணமே இவற்றில் மிக ஆபத்தானது. போகும்போது இருந்த உற்சாகம் இல்லை. நிக்காஹ் முடிந்து, வலீமா பிரியாணி உண்டு, பிற்பகல் மூன்று மணிக்குப் புறப்படுகிறோம். அல்லது விமானத்தை அனுப்பிவிட்டு அதிகாலை மூன்று மணிக்கே மதுரைக்குத் திரும்புகிறோம். இரண்டும் உடல் உறக்கத்தை நாடும் நேரங்கள். நாளைக்குக் கடை திறக்க வேண்டும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்கிறோம். ஒரு நாள் கடை அடைத்திருந்தால் வணிகம் அழிந்துவிடாது. சில மணி நேரம் உறங்கிவிட்டுச் சுபுஹுக்குப் பின் கிளம்புங்கள்.

இத்தனைக்கும் பிறகு விபத்து நேர்ந்தால் 108 ஆம்புலன்சையும், தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 எண்ணையும் அழையுங்கள். தமிழக அரசு 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்குவதற்காக ஏற்பட்டது என்பதையும் அறிந்திருங்கள்.

கட்டிவிட்டு நம்புவோம்

வாகனத்தில் ஏறியதும் துஆ ஓதுகிறோம். அதை நமக்கு வசப்படுத்தித் தந்தவனைப் புகழ்கிறோம். அவனிடமே திரும்பிச் செல்வோம் என்றும் நினைவுகூர்கிறோம். அத்துஆ நாவோடு நின்றுவிடலாகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைப்பதா, கட்டாமலே நம்பிக்கை வைப்பதா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு நம்பிக்கை வை என்ற கருத்தை அண்ணலார் (ஸல்) போதித்தார்கள். ஓட்டுபவரை உறங்கவைத்துவிட்டு வண்டியில் ஏறுவதே இக்காலத்தில் ஒட்டகத்தைக் கட்டுவதாகும்.

வீட்டுத் தலைவர்களே! அடுத்த பயணத்திற்கு வண்டி பேசும்போது, வாடகை எவ்வளவு என்று கேட்கும் முன் நேற்றிரவு உறங்கினீர்களா என்று கேளுங்கள். தாய்மார்களே! பயணச் சாப்பாடு கட்டும்போது ஓட்டுநருக்கும் ஒரு பொட்டலம் கட்டுங்கள். அவர் படுக்க ஒரு பாயையும் மறவாமல் வண்டியில் வையுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே! திருமண மண்டபங்களில் ஓட்டுநர்கள் உறங்க ஓர் அறை ஒதுக்குவதை வழக்கமாக்குங்கள். எத்தனையோ வீடுகளில் அழுகுரல் எழாமல் தடுக்கும் ஸதக்காவாக அது அமையும்.

பயணம் சென்ற நம் மக்கள் அனைவரையும் அல்லாஹ் நலமாக வீடு சேர்ப்பானாக! அவர்களைச் சுமந்து செல்லும் உழைப்பாளிகளின் கண்களுக்கும் அவன் நல்லுறக்கத்தை நல்குவானாக! ஆமீன்.